வலசையும் வெளியேற்றமும்: நவஹோ நில உரிமையும் ஆய்வுச் சொற்களின் பொறுப்பும்

வட அமெரிக்கத் தொல்குடிகளைப் பற்றிய கையேடுகளில் நவஹோ மக்களுக்கு ஒதுக்கப்படும் பத்தி பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கும். அவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள்; ஆட்டு மந்தைகளோடு அலையும் நாடோடிகள்; அண்டையிலுள்ள ஹோப்பி மக்களோடு நெடுங்காலமாக நிலத்தகராறு உடையவர்கள். இம்மூன்று கூற்றுகள் ஒவ்வொன்றிலும் உண்மையின் துணுக்கு ஒன்று உண்டு. ஆயின் மூன்றையும் அடுத்தடுத்து வைக்கும்போது பிறக்கும் பொருள் உண்மையன்று. வந்தவர்கள், அலைபவர்கள், சண்டையிடுபவர்கள் எனப்பட்ட ஒரு கூட்டத்தாரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்துவது பெருங்கொடுமை அன்று என்னும் முடிவுக்கே அவ்வரிசை படிப்பவரைக் கொண்டு சேர்க்கிறது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்றினால் 10,000க்கும் மேற்பட்ட நவஹோ மக்கள் வீட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்தபோது, அதனை இரு பழங்குடிகளின் பிணக்கைத் தீர்த்த நற்செயலாகக் காட்ட முடிந்தமைக்கு இவ்வரிசை செய்த உதவி சிறிதன்று.

தமிழில் இப்பொருள் பற்றி எழுதுவோர்க்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஆங்கில நூல்களில் தனித்தனிச் சொற்களால் சுட்டப்படும் பல நிகழ்வுகள் தமிழில் ‘புலம்பெயர்வு’ என்னும் ஒரே குடையின்கீழ் வந்துவிடுகின்றன. ஈழத் தமிழரின் அண்மைக்கால வாழ்வினால் அழுத்தம் பெற்ற அச்சொல் இன்று நாடு கடந்து வாழும் நிலையையே முதன்மையாகக் குறிக்கிறது. தம் முன்னோர் நிலத்திற்கு உள்ளேயே ஒரு வேலியால் அயலாராக்கப்பட்டவர்களுக்கு அதைச் சூட்டுவது பொருந்தாது. இதற்கு நேர்மாறாக, ஆயர் வழக்கிலுள்ள ‘வலசை’ என்னும் சொல் ஆய்வேடுகளில் இடம்பெறுவதே அரிது. வலசை போனவர் பருவம் மாறியதும் திரும்பி வருவார். திரும்பி வருதல் அச்சொல்லின் உள்ளேயே இருக்கிறது. வெளியேற்றப்பட்டவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. நவஹோ வரலாற்றில் தொன்மையான மொழிப்பரவல், பருவந்தோறும் நிகழும் வலசை, அரசு ஏவிய வெளியேற்றம் ஆகிய மூன்றும் உள்ளன. முதலிரண்டையும் காட்டி மூன்றாவதை நியாயப்படுத்துவதே அங்கு நிகழ்ந்த மோசடி.

மொழிச்சான்று நிலப்பத்திரம் ஆகுமா?

நவஹோ மக்கள் தம்மை ‘டினே’ என்று அழைத்துக்கொள்கின்றனர். ‘மக்கள்’ என்பது அதன் பொருள். அவர்களது மொழி அத்தபாஸ்கன் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் பெரும்பாலான மொழிகள் அலாஸ்காவிலும் வடமேற்குக் கனடாவிலும் வழங்குகின்றன. சில பசிபிக் கரையோரத்தில் உள்ளன. நவஹோவும் அதற்கு நெருங்கிய அப்பாச்சி மொழிகளும் தென்மேற்கில் உள்ளன. இப்பரவலிலிருந்தே வடக்குத் தோற்றம் உய்த்துணரப்பட்டிருந்தது. எட்வர்ட் சபீர் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒரு படி மேலே சென்று, நவஹோச் சொற்களின் உள்ளேயே அத்தோற்றத்தின் சுவடு உண்டு என்று காட்டியது. சுரைக்குடுக்கையையும் அதனாற் செய்த அகப்பையையும் குறிக்கும் சொல் கொம்பு என்னும் சொல்லோடு தொடர்புடையது. வடபுலத்து உறவினர்கள் கொம்பினால் அகப்பை செய்தவர்கள். சுரை விளையும் நாட்டிற்கு வந்தபின் பழைய பெயர் புதிய பொருளுக்கு ஏறியது. மக்காச்சோளத்தைக் குறிக்கும் சொல்லும் ‘அயலார் உணவு’ என்று பிரித்துப் பொருள் கொள்ளத்தக்கதாய் உள்ளது.

ஒப்பிலக்கணத்தின் நுட்பத்திற்கு இக்கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டாக விளங்குகிறது. அதன் முடிவை மறுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. மறுக்க வேண்டியது பிறர் அதன்மேல் ஏற்றிய சுமையை. ஒரு மொழியின் முன்வடிவம் வேறொரு நிலத்தில் வழங்கியது என்பது மொழியைப் பற்றிய கூற்று. அம்மொழியை இன்று பேசுவோர் இன்றுள்ள நிலத்திற்கு உரியவர் அல்லர் என்பது உரிமையைப் பற்றிய கூற்று. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் பாலம் எதையும் சபீர் கட்டவில்லை. ‘பிந்தி வந்தவர்கள்’ என்னும் தொடரைக் கையேட்டின் முதல் வரியில் வைத்துவிட்டு, நிலப்பிணக்கைக் கடைசி வரியில் வைத்தவர்களே அதைக் கட்டினர்.

சொற்பிறப்பைச் சான்றாகக் கொள்வோர் அதை முழுமையாகக் கொள்ளுதல் வேண்டும். ‘அயலார் உணவு’ என்று பெயர் பெற்ற மக்காச்சோளத்தின் மகரந்தமே இன்று நவஹோச் சடங்குகள் அனைத்திலும் உயிர்நிலையாய் நிற்பது. விடியற்கால வழிபாட்டில் தூவப்படுவதும் அதுவே. சொல் அயலைச் சுட்ட, வாழ்வு அதை அகத்தின் அகமாக்கிக் கொண்டது. ஆட்டின் பெயர் இன்னும் சுவையானது. ‘டிபே’ என்பது முதலில் மலைகளில் திரிந்த பெருங்கொம்புக் காட்டாட்டைக் குறித்தது. ஸ்பானியர் கொண்டுவந்த வீட்டாடு நவஹோ வாழ்வின் மையமான பின்னர் அப்பெயர் வீட்டாட்டுக்கு உரியதாகி, காட்டாடு ‘பாறைகளுக்கு நடுவே உள்ள ஆடு’ என அடைமொழி பெற்றது. வந்தேறிய விலங்கு இயல்பான பெயரைக் கொள்ள, மண்ணுக்குரிய விலங்கு அடைமொழியைத் தாங்க நேர்ந்தது. எது வந்தது, எது இருந்தது என்பதை மொழி இவ்வாறுதான் மாற்றி எழுதுகிறது. இதைக் கற்றுத்தர வல்ல துறையே சொல்லாராய்ச்சி. அத்துறையின் பெயராலேயே ஒரு மக்களை விருந்தாளிகளாக்குவது முறையன்று.

மொழி வேறு, மக்கள் வேறு என்பதற்கு நவஹோக் குலங்களே சான்று. தாய்வழியில் வரும் அக்குலங்களுள் சில பியூப்ளோ மக்களின் ஊர்களிலிருந்து வந்து கலந்தோரின் வழித்தோன்றல்கள். ஹேமஸ் ஊரினரோடு உறவு பேசும் குலம் அவற்றுள் நன்கறியப்பட்டது. ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக 1680இல் பியூப்ளோ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1690களில் ஸ்பானியர் மீண்டும் நுழைந்தபோது சிதறியோருள் சிலர் நவஹோக்களிடம் அடைக்கலம் புகுந்தனர். எனவே ‘நவஹோக்கள் எப்போது வந்தனர்’ என்னும் வினாவே குறையுடையது. மொழி வந்த காலம் ஒன்று. மக்களாய் உருவான காலம் வேறு. அவ்வுருவாக்கம் நிகழ்ந்த இடம் தென்மேற்கு மண்ணே. வடமேற்கு நியூ மெக்சிகோவில் ‘டினேட்டா’ என வழங்கும் பகுதி அம்மண்ணின் தொல்பகுதி. ஜெனிபர் டெனட்டேல் போன்ற நவஹோ வரலாற்றறிஞர்கள் வாய்மொழி மரபை வரலாற்றுச் சான்றாக மதிக்க வேண்டும் என்று வாதிடுவதும் இவ்விடத்தில் கருதத்தக்கது. கீழுலகங்களிலிருந்து மக்கள் இவ்வுலகிற்கு மேலெழுந்தனர் என்னும் நவஹோத் தோற்றக்கதையை மொழியியலுக்குப் போட்டியான புவியியல் அறிக்கையாகப் படிப்பவர் இரண்டையுமே தவறாகப் படிக்கிறார். தாம் மக்களான இடம் எது என்பதையே அக்கதை கூறுகிறது.

திராவிட மொழியியலில் பிராகுயி மொழி பற்றிய விவாதம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அது பலூச்சிஸ்தானத்தில் தங்கிவிட்ட பழந்திராவிட எச்சம் என்பார் ஒருசாரார். பிற்காலத்தில் அங்குச் சென்று சேர்ந்தது என்பார் மற்றொரு சாரார். இரண்டாவது கருத்து மெய்ப்பிக்கப்பட்டாலும் கலாத் மலைப்பகுதியில் பிராகுயி மக்களுக்கு உரிமை இல்லை என்று எந்த மொழியியலாளரும் எழுதமாட்டார். இந்தியாவில் ‘யார் முதலில் வந்தார்’ என்னும் வினா அரசியல் மேடையில் என்னவாகிறது என்பதைக் கண்டவர்கள், அரிசோனாவிலும் அது அவ்வாறே பயன்பட்டதைக் காணத் தவறக்கூடாது. யெனிசேய் ஆற்றங்கரை மொழிகளுக்கும் அத்தபாஸ்கன் உள்ளிட்ட பெருங்குடும்பத்திற்கும் உறவு உண்டு என 2008இல் எட்வர்ட் வாஜ்தா முன்வைத்த கருதுகோள் நிலைபெறுமாயின் நவஹோ மொழியின் வேர் சைபீரியா வரை செல்லும். அதனால் ஓர் ஏக்கர் நிலமும் கை மாறவேண்டியதில்லை.

நான்கு மலைகள்

நவஹோ மக்களின் நிலத்திற்கு எல்லைகள் நன்கு வரையறுக்கப்பட்டவை. கிழக்கே சிஸ்நாஜினி எனப்படும் பிளாங்கா சிகரம். தெற்கே ட்சோட்சில் எனப்படும் டெய்லர் மலை. மேற்கே டோக்கோஓஸ்லீத் எனப்படும் சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள். வடக்கே டிபே நிட்சா எனப்படும் ஹெஸ்பரஸ் மலை. முறையே வெண்மை, நீலம், மஞ்சள், கருமை ஆகிய நிறங்கள் அத்திசைகளுக்கு உரியவை. வீடாகிய ஹோகனின் வாயில் கிழக்கு நோக்கும். குழந்தையின் தொப்புள்கொடியை வீட்டை ஒட்டியோ ஆட்டுப்பட்டிக்கு அருகிலோ புதைப்பது வழக்கம். கொடி புதைந்த இடத்தோடு அக்குழந்தை கட்டுண்டது என்பது நம்பிக்கை. ‘தொப்புள்கொடி உறவு’ என்பது தமிழில் உருவகம். நவஹோக்களிடம் அது சுட்டிக்காட்டத்தக்க ஓரிடம்.

இத்தகையோரை நாடோடிகள் என்றது எதனால்? கோடையில் மேட்டு நிலத்திற்கும் குளிர்காலத்தில் தாழ்நிலத்திற்கும் அவர்கள் மந்தையோடு சென்றனர் என்பதனால். மழை குறைந்த அந்நாட்டில் ஒரே இடத்தில் ஆட்டை நிறுத்தினால் புல் அழியும். இன்னின்ன குடும்பத்திற்கு இன்னின்ன மேய்ச்சல் என்னும் ஒழுங்கு தாய்வழி உறவின்படி நிலவியது. மந்தைகளில் பெரும்பங்கு பெண்களுடையது. ஒரு குடும்பத்திற்கு இரண்டு இருப்பிடங்கள் உண்டு என்பதைக் கண்ட வெளியார், ஓர் இருப்பிடமும் இல்லை என்று எழுதிக்கொண்டனர். குளுமைக்காக மலைவாழிடத்திற்குக் கோடையில் தலைநகரையே மாற்றிய ஆங்கில ஆட்சியாளரை நாடோடிகள் என்று எவரும் எழுதியதில்லை.

1863ஆம் ஆண்டு முதல் ஜெனரல் கார்ல்டனின் ஆணைப்படி கிட் கார்சன் நடத்திய படையெடுப்பு போர்க்களத்தைவிட வயல்களையே பெரிதும் தாக்கியது. சோளப் பயிர்கள் எரிக்கப்பட்டன, மந்தைகள் கைப்பற்றப்பட்டன, 1864இல் கேன்யன் டி ஷேய் பள்ளத்தாக்கின் பீச் மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. பழத்தோட்டம் வைத்திருந்தோரை அடக்கவே நாடோடிகளை அடக்குவதாகக் கூறிய படை அம்மரங்களை வெட்டியது. பசியால் சரணடைந்த மக்கள் 300 மைல்களுக்கும் மேலாக நடத்திச் செல்லப்பட்டு, பெகோஸ் ஆற்றங்கரையிலுள்ள போஸ்கே ரெடோண்டோவில் அடைக்கப்பட்டனர். அங்கு அடைபட்டோர் 8,000க்கும் மேற்பட்டோர். மெஸ்கலேரோ அப்பாச்சிகளும் சிலகாலம் உடன் இருந்தனர். ஆற்றுநீர் உவர், பயிரைப் புழு தின்றது, விறகுக்கு நெடுந்தொலைவு போக வேண்டியிருந்தது. நான்கே ஆண்டுகளில் இறந்தோர் 2,000க்கும் மேற்பட்டோர் எனக் கணிக்கப்படுகிறது. நவஹோ மொழியில் அவ்விடத்திற்கு ‘ஹ்வேல்டி’ என்று பெயர். கோட்டையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லின் திரிபு அது என்பர். துயரத்திற்கு இட்ட பெயர் மட்டும் கடன்சொல்லாய் நின்றுவிட்டது.

1868ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஜெனரல் ஷெர்மன் பேச்சுவார்த்தைக்கு வந்தபோது, நவஹோக்களைக் கிழக்கே இந்தியப் பிரதேசத்திற்கு அனுப்பும் எண்ணமும் முன்வைக்கப்பட்டது. மக்கள் சார்பில் பேசிய பார்போன்சிட்டோ அதனை மறுத்தார். தம் மக்கள் படைக்கப்பட்டபோதே நான்கு மலைகளும் நான்கு ஆறுகளும் காட்டப்பட்டு, அவற்றினுள் வாழுமாறு பணிக்கப்பட்டனர் என்பது அவர் வாதம். அவ்வாதத்தை எழுதி வைத்தவர் நாட்டாரியல் அறிஞர் எவரும் அல்லர். அமெரிக்கப் படையின் எழுத்தரே. ஜூன் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; மக்கள் தம் மண்ணுக்குத் திரும்பினர். வேற்றிடம் துரத்தப்பட்ட தொல்குடிகளுள் ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் மிகச்சிலரே. எனினும் திரும்பக் கிடைத்தது பழைய நிலத்தின் ஒரு பகுதிதான். மேலும், ஒதுக்கப்பட்ட எல்லையை விட்டு வேறிடத்தில் குடியேறும் நவஹோ ஒப்பந்தம் தரும் உரிமைகள் அனைத்தையும் இழப்பார் என அதன் 13ஆம் பிரிவு விதித்தது. வலசையே வாழ்வாகக் கொண்டோருக்கு நகர்தல் உரிமையிழப்பாக்கப்பட்ட இடம் இதுவே. அதே ஒப்பந்தம் 15,000 ஆடுகள் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தது. ஆட்டைக் கொடுத்து, ஆடு மேயும் வழியை மூடிய விந்தை அது.

அந்த ஆடுகளும் நிலைக்கவில்லை. 1933 முதல் ஜான் காலியரின் நிருவாகம் மண்ணரிப்பைக் காரணம் காட்டி மந்தைகளைக் குறைத்தது. கொலராடோ ஆற்றின் பேரணையில் வண்டல் சேரும் என்ற அச்சம் அதன் பின்னணி. இலட்சக்கணக்கான செம்மறிகளும் வெள்ளாடுகளும் வாங்கப்பட்டும் சில இடங்களில் அங்கேயே சுட்டுக்கொல்லப்பட்டும் அழிந்தன. நில அரிப்பு கட்டுக்கதையன்று. மந்தைகள் பெருகியிருந்ததும் உண்மையே. ஆயின் மந்தைக்குரிய பெண்களைக் கேளாமல் ஆண்களடங்கிய மன்றத்தோடு மட்டும் பேசி முடிவெடுத்தமையும், வலசைக்குரிய வெளி சுருங்கியதைக் கணக்கிற் கொள்ளாமையும் அத்திட்டத்தின் பிழைகள். தொல்குடிப் பண்பாட்டின் காவலர் என்று காலியர் பிற இடங்களில் பெற்ற புகழ் நவஹோ நாட்டில் இன்றும் செல்லாக் காசு.

‘பழங்குடிப் பிணக்கு’ என்னும் மூடுதிரை

1882ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆர்தர் ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கர் கொண்ட ஒரு செவ்வகத்தை வரைபடத்தில் வரைந்து, ஹோப்பிகளுக்கும் உள்துறைச் செயலர் அங்குக் குடியமர்த்த விரும்பும் பிற இந்தியர்க்கும் எனப் பொதுவாக ஒதுக்கினார். அப்போது அதனுள் நவஹோக்களும் வாழ்ந்தனர். ‘ஹீலிங் எதிர் ஜோன்ஸ்’ எனப்படும் வழக்கில் 1962இல் வந்த தீர்ப்பு ஹோப்பி ஊர்களைச் சூழ்ந்த பகுதியை ஹோப்பிகளுக்கே உரியதாக்கி, எஞ்சிய ஏறத்தாழ 18 இலட்சம் ஏக்கரை இருவர்க்கும் பொதுவென்றது. அத்தீர்ப்பின் தருக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. அங்கு வாழ்ந்ததனால் நவஹோக்களுக்கு உரிமை வந்ததாக நீதிமன்றம் கொள்ளவில்லை. உள்துறைச் செயலர் அவர்களை மறைமுகமாகக் ‘குடியமர்த்தியதால்’ வந்ததாகவே கொண்டது. தொப்புள்கொடி புதைத்தவர்களுக்கு உரிமை வழங்கியது கோப்பிலும் எழுதப்படாத ஓர் அலுவலக இசைவு! வந்தேறிகள் என்னும் கருத்து சட்டமொழியில் எய்திய உச்சம் இது.

ஹோப்பிகளின் குறை பொய்யன்று என்பதையும் கூறவேண்டும். ஒராய்பி முதலிய அவர்களது ஊர்கள் பல நூற்றாண்டுத் தொன்மையுடையவை. 1868க்குப் பின் பெருகிய நவஹோக்களும் அவர்தம் மந்தைகளும் ஹோப்பி நிலங்களைச் சூழ்ந்து நெருக்கின. பொதுநிலம் என்று தீர்ப்பு வந்த பின்னரும் ஹோப்பிகள் அதைப் பயன்படுத்த முடியாத நிலையே நீடித்தது. நவஹோக்களுக்காக வாதிடுவோர் பலர் இதனை மெல்ல மறைத்துச் செல்வது நேர்மையன்று. ஆயின் கேட்கவேண்டிய வினா வேறு. பல தலைமுறைகளாக மணவுறவும் பண்டமாற்றும் சில்லறைச் சண்டையும் கொண்டிருந்த இரு மக்களின் நெருக்கடி, 1960களில் திடீரெனத் தெளிவான உரிமைப் பத்திரம் வேண்டும் வழக்காக முற்றியது ஏன்?

விடை பிளாக் மெசா மேட்டுநிலத்தின் அடியில் இருந்தது. 1964இலும் 1966இலும் பீபாடி நிறுவனத்தோடு நிலக்கரிக் குத்தகைகள் கையெழுத்தாயின. உரிமை யாருடையது என்பது தெளிவாகாமல் குத்தகை எழுத இயலாது. ஹோப்பி மன்றத்தின் வழக்கறிஞராக இருந்த ஜான் பாய்டன் அதே காலத்தில் பீபாடிக்கும் பணியாற்றியதைச் சட்ட வரலாற்றறிஞர் சார்லஸ் வில்கின்சன் 1990களில் ஆவணங்களோடு வெளிப்படுத்தினார். பிணக்கின் ஒரு தரப்புக்கு வாதாடியவரே பிணக்கால் பயன்பெற்ற நிறுவனத்திற்கும் ஆலோசகர். இதை அறிந்த பின்னும் ‘இரு பழங்குடிகளின் பகை’ என்று எழுதுவோர் ஆய்வாளர் ஆகார். வெளியேற்றப்பட்ட வீடுகளின் அடியிலேயே சுரங்கம் தோண்டப்பட்டது என்று ஆதரவாளர் சிலர் எழுதுவதும் மிகையே. 1974ஆம் ஆண்டுச் சட்டம் மேற்பரப்பைத்தான் பிரித்தது. நிலத்தடிக் கனிமம் இருவர்க்கும் பொதுவாகவே நின்றது. ஆனால் அதுவே நிலைமையை இன்னும் தெளிவாக்குகிறது. கரியைப் பொதுவாக வைத்துக்கொள்ள முடிந்தபோது புல்லைப் பொதுவாக வைத்துக்கொள்ள முடியாது என்றது அச்சட்டம்.

பிளாக் மெசாவின் கரி பொடியாக்கப்பட்டு, நீரில் கரைக்கப்பட்டு, 273 மைல் நீளக் குழாய் வழியே நெவாடாவிலுள்ள மொஹாவி மின்நிலையத்திற்குச் சென்றது. அதற்கான நீர் நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்டது. ஊற்றுகள் வற்றுவதாக நவஹோக்களும் ஹோப்பிகளும் ஒருங்கே முறையிட்டனர். பகைவர் எனப்பட்டோர் ஒரே குரலில் பேசிய இடம் அது. கயெண்டா சுரங்கத்தின் கரியில் ஓடிய நவஹோ மின்நிலையம் பீனிக்ஸ், டூசான் நகரங்களுக்கு ஆற்றுநீரை ஏற்றும் இயந்திரங்களுக்கு ஆற்றல் தந்தது; நவஹோ வீடுகள் பலவற்றில் மின்விளக்கு இல்லை.

1977இல் நிலம் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டு வேலி எழுந்தது. தவறான பக்கத்தில் அகப்பட்ட ஹோப்பிகள் ஏறத்தாழ 100 பேர். நவஹோக்கள் 10,000க்கும் மேல். வெளியேறும் கெடு 1986 ஜூலை. அதற்கிடையில் வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் தடை. மேற்கே 15 இலட்சம் ஏக்கரில் 1966 முதல் நடைமுறையில் இருந்த ‘பென்னட் முடக்கம்’ என்னும் இன்னொரு தடை 2009ஆம் ஆண்டில்தான் நீங்கியது. இரண்டு தலைமுறைகள் ஒழுகும் கூரையின்கீழ் வாழ்ந்தமை குறித்து எந்தக் கையேடும் ஒரு வரி எழுதுவதில்லை.

கட்டாய மறுகுடியமர்வின் விளைவுகளை ஆப்பிரிக்காவின் கரிபா அணையில் ஆராய்ந்து அறிந்த மானிடவியலாளர் தேயர் ஸ்கடர், நவஹோக்களுக்கு நேரப்போவதை 1979இலேயே எழுதி எச்சரித்தார். அவரே பின்னர் நருமதை சர்தார் சரோவர் அணையின் மறுகுடியமர்வுச் சிக்கலிலும் உலக வங்கிக்கு ஆலோசனை கூறியவர். மேதா பட்கரோடு உலக அணைகள் ஆணையத்தில் உறுப்பினராக இருந்தவர். இந்திய வாசகர்க்கு அவரது எச்சரிக்கை புதிதன்று: நிலத்திற்கு ஈடாக வீடு தருவது ஈடாகாது. நகரங்களுக்கு அனுப்பப்பட்டோர்க்கு வீட்டுவரி இன்னதென்று தெரியாது. வீட்டை அடகு வைத்துக் கடன் பெற்று, கடன் கட்ட இயலாமல் கணிசமானோர் சில ஆண்டுகளிலேயே வீட்டை இழந்தனர். மாற்றிடமாக வாங்கப்பட்ட ‘புதுநிலங்கள்’ சாண்டர்ஸ் ஊரருகே ரியோ புவெர்கோ ஆற்றின் ஓரம் அமைந்தவை. 1979 ஜூலை 16 அன்று சர்ச் ராக்கில் யுரேனியக் கழிவுத்தேக்கம் உடைந்து ஏறத்தாழ 9.4 கோடி காலன் கழிவுநீர் பாய்ந்தது அதே ஆற்றில்தான். தொடக்கத்தில் 4 கோடி டாலர் அளவில் மதிப்பிடப்பட்ட திட்டத்தின் செலவு 50 கோடி டாலரைக் கடந்தது.

‘சொல்லே இல்லை’ என்னும் வாதம்

வெளியேற்றத்தை எதிர்த்தோர் பக்கமிருந்து ஒரு வாக்கியம் உலகெங்கும் பரவியது: இடமாற்றத்தைக் குறிக்க நவஹோ மொழியில் சொல்லே இல்லை, அது மறைந்துபோதலையே குறிக்கும் என்பது. பிக் மவுண்டனில் மறுத்து நின்ற மூதாட்டிகள் அதைக் கூறியபோது அது எதிர்ப்பின் மொழி. அதன் உண்மை அகராதியில் தேடத்தக்கதன்று. ஆனால் கல்வியாளர்கள் அதை மொழியியல் உண்மையாக எடுத்தாள்வது கண்டிக்கத்தக்கது. நவஹோ மொழி இயக்கத்தைக் குறிக்கும் வினைகளில் வியக்கத்தக்க வளமுடையது; கேரி விதர்ஸ்பூன் 1977இல் எழுதிய நூலில் இதனை விரித்துரைத்தார். குடும்பத்தோடும் உடைமையோடும் இடம் பெயர்தலுக்கு அம்மொழியில் தனி வினையடியே உண்டு. வலசை போகும் மக்களிடம் அது இல்லாதிருந்தால்தான் வியப்பு. ‘இவர்களிடம் சொல்லே இல்லை’ என்று பரிவோடு கூறுவதும், ‘இவர்களுக்கு ஊரே இல்லை’ என்று இகழ்ந்து கூறுவதும் ஒரே மண்ணில் முளைத்தவை. இரண்டும் அம்மக்களை வரலாற்றுக்கு வெளியே நிறுத்துகின்றன. இடம்பெயர்தலைச் சுட்ட எத்தனையோ வினைகளை உடையோர், அரசு செய்ததை அவற்றுள் ஒன்றாலும் சுட்ட மறுத்தனர் என்று கொள்வதே அம்மூதாட்டிகளுக்குச் செய்யும் மதிப்பு.

இம்மறுப்பைத் தமிழில் எழுதுவோரும் மேற்கொள்ளலாம். அத்தபாஸ்கன் மொழிகளின் பரவலை ‘மொழிப்பரவல்’ என்றும், மந்தையோடு செல்வதை ‘வலசை’ என்றும், 1864இலும் 1974க்குப் பின்னும் நிகழ்ந்ததை ‘வெளியேற்றம்’ என்றும் எழுதுவதற்குப் புதுக் கலைச்சொற்கள் எவையும் வேண்டா. ‘மறுகுடியமர்வு’ என்பது அரசின் அலுவலகம் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர். மேற்கோட்குறி இன்றி அதை எடுத்தாள்வது அவ்வலுவலகத்தின் பணியைச் செய்வதாகும். சட்டத்தின் வழக்கில் ஒரு சொல்லின் விலை என்ன என்பதை 2023ஆம் ஆண்டு மீண்டும் காட்டியது. ஏறத்தாழ 4 இலட்சம் உறுப்பினரையும் 27,000 சதுர மைல் நிலத்தையும் கொண்ட நவஹோ நேஷன், 1868ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தனக்குரிய நீரை உறுதிசெய்ய அரசு முன்வர வேண்டும் என வழக்காடியது. நிலையான இல்லம் என்று ஒப்புக்கொண்ட இடத்தில் நீரும் அடங்கும் என்பது அதன் வாதம். அவ்வாறு செயற்படும் கடமை ஒப்பந்தச் சொற்களில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில் முடிவு செய்தது. உவர்நீர் குடித்துச் செத்தவர்களின் உறவினர்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தம் அது.

மொஹாவி மின்நிலையம் 2005 இறுதியிலும் நவஹோ மின்நிலையமும் கயெண்டா சுரங்கமும் 2019இலும் மூடப்பட்டன. 2020 டிசம்பரில் மின்நிலையத்தின் மூன்று புகைபோக்கிகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வேலி நிற்கிறது. வெளியேற மறுத்த குடும்பங்களுக்காக 1996இல் ஒரு சட்டம் வந்தது. தம் பாட்டியர் ஆடு மேய்த்த இடத்தில் ஹோப்பி அரசிடம் 75 ஆண்டுக் குத்தகை பெற்று அவர்கள் தங்கலாம் என்றது. சில குடும்பங்கள் கையெழுத்திட்டன, சில இடவில்லை. அக்குத்தகைகள் 2070களில் முடிவடையும்.